டெல்பின் நீவிவிட்ட மலைகள்

டெல்பின் ஆன்ட்டி படுக்கை விரிப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் நம் வீட்டுக் கட்டில் நமக்கே பிடிக்காமல் போகும். விரிப்பை ஒரே உதறலில் காற்றில் எழுப்புவார். அது இறங்குவதற்குள் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றிருப்பார். மூலைகளை உறைபோல மடித்து மெத்தைக்கடியில் செருகிவிட்டு, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு நீவல். அதன்பிறகு அதில் ஒரு கோடுகூட இருக்காது. காற்றில்லாத நாளின் கடல்போலக் கிடக்கும்.

"சுருக்கத்துல கெடந்தா நோயாளிக்கு முதுகு புண்ணாயிரும் மக்களே" என்பார். சொந்த வீட்டில் நோயாளி யாரும் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. அவர் கணவர் லூர்துராஜ் அங்கிள், "இந்த வீட்டுல படுக்கணும்னா மொதல்ல அட்மிஷன் போடணும்" என்று சொல்லிக்கொண்டு, பெரும்பாலும் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போவார்.

கிட்வாய் நகர் குடியிருப்பில் எங்களுக்கு நேர் கீழ்வீடு அவர்களுடையது. அங்கிளுக்கு லோதி ரோட்டில் மத்திய அரசு வேலை. இன்றும் சைக்கிளில்தான் போகிறார். ஆன்ட்டி தெற்கு டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய வார்டில் நர்ஸ். நாகர்கோவிலில் படித்து முடித்த கையோடு, மணக்குடிக் கடற்கரையிலிருந்து நேராக ரயிலேறி இங்கே வந்தவர். அவருடைய உலகத்தில் இரண்டே இடங்கள் உண்டு. டெல்லி ஒன்று, மணக்குடி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ரயில் ஜன்னல். கிடைத்த லீவுகளையெல்லாம் அந்த ஜன்னலோரத்தில் கழித்தாயிற்று. மகன் ரெஜின் பெங்களூருவில் வேலைக்குப் போன பிறகும் அந்த ரயில் மாறவில்லை.

நான் நேர்மாறு. இரண்டு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு மார்ச்சில்தான் திரும்பியிருந்தேன். வந்த பிறகும் முதுகுப்பையைப் பிரிக்கவில்லை. அது என் அறை மூலையில் யாரோ விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஹம்சா, அந்த மூட்டையை எப்போதான் அவுக்கப்போறே? ஆத்துக்கு வந்திருக்கியா, டிரான்ஸிட்ல இருக்கியா?" என்று அம்மா தினமும் கேட்பாள். எனக்கே அது தெரியாது.

ஏப்ரல் முடிவில் ஒரு காலை, டெல்பின் ஆன்ட்டி வெள்ளைச் சீருடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"வைதேஹிக்கா, ஒங்க மகள ஒரு நாளைக்கு எனக்குத் தாங்க" என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "மக்களே, நீ போன ஊருல ரஷ்யன் பேசுவாங்கல்லா? ஒனக்குத் தெரியும்லா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தெரியும் ஆன்ட்டி. ரொட்டி கேட்க, வழி கேட்க..."

"அது மதி. கெளம்பு."

ஆட்டோ ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தாண்டும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் வார்டில் கிர்கிஸ்தானிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். பெயர் புருல். இதய வால்வு மாற்றும் அறுவை நல்லபடி முடிந்தது. ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கும் வந்துவிட்டார். ஆனால் கட்டிலை விட்டு எழவே மாட்டேன் என்கிறார்.

"நெஞ்ச அறுத்துத் தெச்சவங்க எந்திரிச்சு நடக்கணும், இருமணும். இல்லேன்னா நுரையீரல்ல நீர் கோத்துக்கிடும். இவளுக்குக் கோக்க ஆரம்பிச்சாச்சு. திரும்ப ஐ.சி.யு. போனா..." வெளியே வேப்பமரங்கள் பழைய இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. "அது மட்டும் இல்ல மக்களே. அவ கை கம்பளியைப் பிச்சுக்கிட்டே கெடக்கு."

"அதனால என்ன?"

"நர்ஸுமாருக்குத் தெரிஞ்ச கை அது. போவப்போறவங்க விரிப்பைக் கிள்ளுவாங்க. இல்லாத நூலை இழுப்பாங்க. நா டெல்லிக்கு வந்த புதுசுல ஒரு வயசான சிஸ்டர் காட்டித் தந்தாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ கை பாத்தாச்சு. ஒண்ணுகூடத் தப்புனதில்ல."

அந்தக் கையைப் பற்றி அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். மனக்குழப்பமாக இருக்கும் என்று அமைதிப்படுத்தும் மருந்து எழுதினார்கள். புருல் இன்னும் அதிகமாகத் தூங்கினார், இன்னும் குறைவாக எழுந்தார். அவருடைய மகன் எர்மெக் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று அவனிடமும் ஆன்ட்டி போனின் மொழிபெயர்ப்பு மூலம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் அம்மாவை நடக்கச் சொல்வதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான்.

"அந்தப் பய அம்மையப் போயி அபா, அபாங்கான்" என்றார் ஆன்ட்டி. கிர்கிஸில் அபா என்றால் அம்மாதான். ஆன்ட்டி சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை. "மொழிபெயர்க்க ஒரு பொண்ணு வருவா. ஊர்ல உள்ள ஆஸ்பத்திரி முழுக்க அவதான். ஓடி வந்து, வலி இருக்கா, மோஷன் போச்சான்னு கேட்டுட்டு ஓடிருவா. போற மனுசி சொல்லுகத ஒருத்தராவது இருந்து கேக்கண்டாமா? அதுக்குத்தான் ஒன்னைய கூப்பிட்டேன்."

அதாவது ஒரு சாவுக்குக் காது கொடுக்க என்னை அழைத்துப் போகிறார். எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்து எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது. ஓடுவதில் நல்ல பழக்கமும் இருந்தது.

புருலின் கட்டில் ஜன்னலோரம். வெயில் தெரியாதபடி திரை போட்டிருந்தார்கள். சிவந்து காய்ந்த கன்னங்கள், வெள்ளைத் தலைத்துணிக்குள்ளிருந்து இறங்கும் இரண்டு மெல்லிய சடைகள். வயது அறுபதுக்குக் கொஞ்சம் முன்னே இருக்கலாம். ஆன்ட்டி கட்டிலருகே போனதும் வழக்கம்போல முதலில் கம்பளியைப் பற்றினார். சாம்பல் பச்சை நிறத்தில் கனமான ஆஸ்பத்திரிக் கம்பளி. அது திட்டுத்திட்டாக மேலே எழும்பி, மடிந்து, கசங்கிக் கிடந்தது. நடுவில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆங்காங்கே கிடந்த பஞ்சு உருண்டைகளைப் பொறுக்கினார். ஓர் உதறல், ஒரு நீவல். கம்பளி சமமாகிவிட்டது.

புருல் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக் கண்ணை மூடினார்.

ஆன்ட்டி மற்றக் கட்டில்களுக்குப் போய்விட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பளியின்மேல் அந்தக் கைகள் நகரத் தொடங்கின. முதலில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. விரல்கள் கம்பளியைக் கிள்ளித் தூக்கின, விட்டன. மறுபடி தூக்கி, இந்தமுறை ஒரு மடிப்பை நிற்கவைத்தன. அதன் பக்கத்தில் இன்னொரு மடிப்பு. பிறகு நீளமாக ஒன்று. முழங்காலை மெல்ல உயர்த்தினார். கம்பளி ஒரு பெரிய முகடாக எழுந்தது. அதிலிருந்து வயிற்றுப் பக்கம் சின்னச்சின்ன மேடுகள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து. நடுவில் மட்டும் அகலமாக ஒரு பள்ளம். கை மேசையைத் துழாவி எவர்சில்வர் தட்டை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தது. தட்டின் ஓரமாக ஒரு பஞ்சு உருண்டை. தள்ளி இன்னொன்று.

நான் அந்தத் தட்டின் கரையில் ஒரு கோடைக்காலம் முழுக்க இருந்திருக்கிறேன்.

கிர்கிஸ்தானின் நடுவில், மலைகளுக்கு மேலே இன்னொரு நாடு இருக்கிறது. கீழே இருப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. பாறைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறி, மூச்சு முட்டக் கணவாயின் உச்சிக்கு வந்ததும், அந்தப் பக்கம் இறக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். இறக்கம் பேருக்குத்தான். கண் போகும் தூரமெல்லாம் புல். புல் போர்த்திய குன்று, அதன் பின்னால் குன்று, அதன் பின்னால் இன்னும் வெளிறிய குன்று. தூங்குகிற யாரோ மெதுவாக மூச்சு விடுவதுபோல அவை எழுந்து எழுந்து தாழும். மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அங்கே தூரமும் பிடிபடாது. பக்கத்தில் நிற்கும் ஆடு என்று நினைத்தது தொலைவில் மேயும் குதிரையாக இருக்கும். ஒரு மேகத்தின் நிழல் ஒரு குன்றில் ஏறி, தயங்கி, மறுபுறம் இறங்குவதை உட்கார்ந்த இடத்திலிருந்து முழுதாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஏரி, வானத்துக்கு அவ்வளவு பக்கத்தில். வருடத்தில் பாதிக்குமேல் அது உறைந்து கிடக்கும். பனி உருகிய பிறகு கீழூர்களிலிருந்து குடும்பங்கள் ஆடும் குதிரையுமாக மேலே வரும். வெள்ளைக் கம்பளிக் கூடாரம் அடிக்கும். குளிர் திரும்பும்போது இறங்கிப் போய்விடும். அந்த மேட்டு மேய்ச்சல் நிலத்தை அவர்கள் ஜைலோ என்பார்கள்.

"சோங் கோல்?" என்று அந்த ஏரியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

புருல் கண்ணைத் திறந்தார். மருந்தின் தூக்கம் அந்தக் கண்களில் அடியில் எங்கோ இருந்தது. மேலே வேறு ஏதோ எழுந்து வந்தது.

"நீ யார்?" என்றார் ரஷ்யனில்.

"கீழ் வீட்டுக்காரரின்... இந்த நர்ஸுக்குத் தெரிந்த பெண். நான் அங்கே இருந்திருக்கிறேன். வடகரையில்."

"வடகரையா?" என்றார் கொஞ்சம் இளக்காரமாக. "அங்கே காற்று பல்லைப் பிடுங்கும். நாங்கள் தெற்கே." தட்டின் கீழோரத்தில் இருந்த பஞ்சு உருண்டையை ஒரு விரலால் தொட்டார். "இது என் வீடு."

பிறகு அவர் விரல் நடந்தது. இது நாங்கள் ஏறும் கணவாய். இந்த மேட்டில் புல் முதலில் முளைக்கும், ஆனால் ஈரம் நிற்காது. இந்தச் சரிவு கறவைக் குதிரைகளுக்கு. இங்கே போகாதே, சதுப்பு. ஏரியிலிருந்து இதோ இந்த மடிப்பு வழியாக ஓர் ஆறு இறங்கிப் பெரிய ஆற்றில் சேர்கிறது. பேச்சு மூச்சு வாங்கி வாங்கித்தான் வந்தது. ஆனால் குழப்பம் என்று ஒன்றும் அதில் இல்லை.

"தினமும் இதைச் செய்கிறீர்களா?"

"செய்யாமல்? இது நாங்கள் மேலே போகத் தயாராகிற காலம். நான் இங்கே கிடக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனால் தினமும் காலையில் குளிர்காலம் வந்துவிடுகிறது. ஒரே தள்ளு. எல்லாவற்றின் மேலும் பனி. நான் மறுபடி முதலிலிருந்து கோடையைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது."

"குளிர்காலமா?"

மோவாயால் காட்டினார். அந்தக் கோடியில் டெல்பின் ஆன்ட்டி இன்னொரு விரிப்பைக் காற்றில் உதறிக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டியிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது ஏரி. இது கணவாய். இது அவர்கள் வீடு. அவர் என்னையும் கம்பளியையும் மாறி மாறிப் பார்த்தார். கை தன்னையறியாமல் ஒரு மடிப்பை நீவப் போய், பாதியில் நின்றது.

"அப்ப இது சாவக் கிள்ளுகது இல்லியா?"

"இல்ல ஆன்ட்டி. ஊர் கட்டறாங்க."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் வார்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "மாதாவே. தெனமும் வந்து ஒரு நாட்டை அழிச்சிட்டுப் போயிருக்கேனே. மருந்து வேற வாங்கிக் குடுத்து..." சட்டென்று எழுந்தார். "அந்தப் பய! அவன்கிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

வெளியே பெஞ்சில் இருந்த எர்மெக்கின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டி, "நான் சொன்னது தப்பு. ராங். கேட்டியா? அபா சாவல்ல. அபா சாவல்ல!" என்று தமிழிலேயே சொன்னார். அவன் பயந்து எழுந்தான். நான் ரஷ்யனில் சொல்லி முடிப்பதற்குள் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

டாக்டரிடமும் அன்றைக்கே போய்ச் சொன்னார். மருந்தை நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கென்று போன நான் தினமும் அவரோடு போகத் தொடங்கினேன். புருலின் கண் தெளிந்தது. கம்பளி அப்படியே இருந்தது. அடிவிரிப்பை மட்டும் ஆன்ட்டி மலைகள் கலையாமல் பக்கவாட்டில் இழுத்துச் சரிசெய்வார். அதைப் பார்த்த இன்னொரு நர்ஸ், "சிஸ்டர், ஒங்க வார்டுலயா இப்பிடி?" என்று கேட்டாள். "அது ஏரி. கை வெக்காத" என்றார் ஆன்ட்டி.

ஆனாலும் புருல் எழவில்லை. நெஞ்சுச் சத்தம் கேட்க வந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நீர் குறையவில்லை. இரண்டொரு நாளில் நடக்காவிட்டால் திரும்பவும் ஐ.சி.யு.தான் என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிசியோதெரபிஸ்ட் அர்விந்த் கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் புருலின் கட்டிலருகே வந்து வராந்தாவைக் காட்டினான். வழுவழுவென்று, நேராக, வெள்ளை விளக்குகளின் கீழ் நீண்டு கிடந்தது அது.

"எங்கே போக?" என்று கேட்டார் புருல்.

"சும்மா, அந்த முனை வரைக்கும்."

"அங்கே என்ன இருக்கிறது?"

நான் பார்த்துச் சொன்னேன். "குடிநீர் மெஷின்."

"பிறகு?"

"திரும்பி வர வேண்டும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தத் தரை எங்கேயும் ஏறவில்லை. எங்கேயும் இறங்கவில்லை. இதில் நடப்பவர்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் கால் எடுத்து வைத்தால் மேலே போகிறோம், இல்லையென்றால் கீழே வருகிறோம்."

நான் மொழிபெயர்த்ததும் டெல்பின் ஆன்ட்டி கொஞ்ச நேரம் வராந்தாவைப் பார்த்தார். பிறகு லிஃப்டுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார். அந்தக் கட்டடம் பழையது. லிஃப்ட் நின்றுபோனால் ஸ்ட்ரெச்சர் தள்ளிப்போக, மாடிப்படியை ஒட்டி ஒரு சாய்தளம் உண்டு. கீழிருந்து மொட்டைமாடி வரை வளைந்து வளைந்து ஏறும்.

"அர்விந்து, இவள ரேம்ப்புல ஏத்துவோம்."

"அரே ஆன்ட்டி! ரேம்ப் ஸ்ட்ரெச்சருக்கு. மேல ஏறினா ஹார்ட்டுக்கு லோட் ஆகும். என் சார்ட்ல காரிடார்தான் இருக்கு, ஃப்ளாட்டா."

"ஒன் சார்ட்டுல உள்ள காரிடார்ல அவ இதுவரைக்கும் எவ்வளவு நடந்திருக்கா?"

அர்விந்த் தலையைச் சொறிந்தான். "அச்சா, அச்சா. டாக்டர் சாபைக் கேக்கறேன். ஆனா விரல்ல ஆக்ஸிமீட்டர் இருக்கும். நான் ஸ்டாப்னா ஸ்டாப். நோ பஹஸ், ஆர்க்யூ பண்ணக் கூடாது."

மறுநாள் காலை கிளம்பினோம். ஒரு ஊர்வலம் மாதிரி இருந்தது. முன்னால் எர்மெக், தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. நடுவில் புருல், தையல் பிரியாதிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஒருபக்கம் ஆன்ட்டி, மறுபக்கம் அர்விந்த். பின்னால் மொழியைத் தூக்கிக்கொண்டு நான். கதவைத் திறந்ததும் சாய்தளத்தின் வெக்கை முகத்தில் அடித்தது. மேலே எங்கிருந்தோ வெளிச்சம் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

புருல் நின்று அந்தச் சரிவைப் பார்த்தார். கால்விரலால் தரையை அழுத்தினார். முகத்தில் ஒரு பழகிய எச்சரிக்கை வந்தது. தெரிந்தவர் ஒருவரை எதிர்பாராமல் சந்தித்ததுபோல.

"இது கீழூர்" என்றார். "இங்கே ஆப்ரிகாட் மரங்கள் இருக்கும்." ஓரடி வைத்தார்.

அன்றைக்கு முதல் திருப்பம் வரைதான். அடுத்த நாள் இரண்டாவது திருப்பம். ஊசியிலை மரங்களும் ஆற்றுச் சத்தமும் உள்ள பள்ளத்தாக்கு அங்கே வந்தது. அந்த ஆற்றைப் பற்றி ஆன்ட்டிக்கு ஒரு கேள்வி இருந்தது.

"மக்களே, இவ ஊரு ஆறு கடைசில எந்தக் கடல்ல போய்ச் சேருது?"

"எந்தக் கடல்லயும் சேராது ஆன்ட்டி. மேற்கே பாலைவனத்துப் பக்கம் போய் வயலுக்கெல்லாம் பிரிஞ்சு தீந்துபோயிடும்."

ஆன்ட்டி நின்றுவிட்டார். "கடலுக்குப் போவாத ஆறா? பின்ன என்னத்துக்கு ஓடுது?"

கேட்டுச் சொன்னேன். புருல் மூச்சு வாங்கியபடி, "கடலில் அதற்கு என்ன வேலை? அங்கே ஆடு இருக்கிறதா?" என்றார். சிரித்ததில் இருமல் வந்தது. தலையணையை அழுத்திக்கொண்டு நன்றாக இருமினார். அர்விந்த் பெருவிரலை உயர்த்தினான். அத்தனை நாளும் அவன் கெஞ்சியும் வராத இருமல் அது.

அதற்கடுத்த நாள்தான் கணவாய். மூன்றாவது திருப்பம் மற்றவற்றைவிடச் செங்குத்து. பாதியில் புருலின் உதடு வெளுத்தது. "ஸ்டாப். ஸ்டாப்! ஜல்தி, நாற்காலி!" என்றான் அர்விந்த். ஆக்ஸிமீட்டரின் எண் இறங்கிக்கொண்டிருந்தது. உட்காரவைத்தோம். கண் மூடியிருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. வெயில் சாம்பலாகத் தெரிந்தது.

அப்போது அவர் வலதுகை தலையணை உறையைக் கிள்ளத் தொடங்கியது. கிள்ளியது, விட்டது, கிள்ளியது.

டெல்பின் ஆன்ட்டியின் முகத்தை அப்போது பார்த்தேன். அத்தனை வருடத்துக் கைகளும் அந்த ஒரு கையில் வந்து நின்றதுபோல இருந்தது அது. ஏற்றியவர் அவர்தான். சார்ட்டில் இல்லாத வழி. தரையில் மண்டியிட்டார். அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நீவவில்லை. அதன் பக்கத்தில் முகத்தை வைத்து, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில் கேட்டார்.

"இது எந்த எடம், புருலு? சொல்லு. இது எந்த எடம்?"

நான் அதை ரஷ்யனில் சொன்னேன்.

விரல்கள் உறையில் ஒரு மடிப்பை எழுப்பின. பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரல் மெல்ல ஒரு பள்ளம் அழுத்தியது. அழுத்தியபடி அங்கேயே நின்றது.

"கணவாய்" என்றார் புருல், கண்ணைத் திறக்காமல். "இங்கே எல்லோரும் நிற்போம். குதிரைகள் மூச்சு விட வேண்டும்."

"குதிரை மூச்சு விடுதாம் ஆன்ட்டி" என்றேன்.

"விடட்டும். நல்லா விடட்டும்" என்றார் ஆன்ட்டி. அர்விந்த் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நின்றது. கொஞ்சம் யோசித்தது. ஏறியது. எர்மெக் நாற்காலியின் முதுகை விடவே இல்லை.

அன்றைக்கு அதற்குமேல் ஏறவில்லை. ஆனால் அந்த வாரத்திலேயே ஒரு காலை, வெயில் ஏறுமுன், மொட்டைமாடிக் கதவைத் தள்ளித் திறந்தோம்.

எதிரே புல். ஊழியர்கள் டீ குடிக்க மாடியின் ஒரு பகுதியில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். அது எனக்கு நினைவே இல்லை. புருல் அதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தார். மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"இதை எந்த ஆடு தின்னும்?"

எர்மெக் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவைப்போலவே கன்னம் இரண்டும் மேலேறிக் கண் காணாமல் போய்விட்டது.

டெல்லி தூசுக்குள் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிகள், மாடிகள், துணிகள், அவற்றுக்கப்பால் மங்கலாக ஒரு பச்சைக் கோடு. அந்த வெளிச்சத்தில் மாடிகள்கூட வரிசை வரிசையாக வெளிறிக்கொண்டே போய், கடைசியில் எது கட்டடம் எது வானம் என்று தெரியாமல் ஆயின.

"குளிர்காலமே, உன் ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் புருல். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். தன் பட்டப்பெயரை ஆன்ட்டி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

"என்னையா குளிர்காலம்ங்கா? இருக்கட்டும், இருக்கட்டும்." சீருடைக் கையைத் தெற்கே நீட்டினார். "அந்தா, அங்ஙன. ரொம்பத் தூரம். எங்க ஊருல மேடும் இல்ல, புல்லும் இல்ல. கடல் வெள்ளம்தான். ஆனா அதுவும் இதே மாதிரித்தான், எழும்பி எழும்பி விழும்."

"அது கோடையில் மேலே போகுமா?"

"எங்கயும் போவாது. அங்கயே கெடந்து குதிக்கும்."

புருல் இரக்கத்தோடு தலையாட்டினார்.

மே நடுவில் அவர்கள் விமானமேறினார்கள். கிளம்பும் காலை, எர்மெக் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, புருல் தானே கட்டில் பக்கம் திரும்பினார். உள்ளங்கையை விரித்து, நடுவிலிருந்து ஓரம்வரை, தன் மலைகளைத் தானே நீவிவிட்டார். முழுதாகச் சமமாகவில்லை. ஆன்ட்டி பக்கத்தில் நின்று பார்த்தார். மிச்சத்தைத் தொடவில்லை. கம்பளியைச் சலவைக்கு எடுக்க ஆள் வந்தபோது மட்டும், "பைய எடு" என்றார்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு, கீழ்வீட்டிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டு ஓடினேன். எர்மெக் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏரிப் பக்கம் சிக்னல் கிடையாது. ஏதோ குன்றின்மேல் ஏறித்தான் அனுப்பியிருக்க வேண்டும். காற்றின் இரைச்சல்தான் முதலில். பிறகு புல், புல், நீலமாக ஒரு துண்டு. ஒரு கூடாரத்தின் வாசலில் புருல் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். குதிரை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்ததால் மகன் ஜீப்பில் ஏற்றி வந்திருக்கிறான். ஆனால் கணவாயில் இறங்கிக் கொஞ்ச தூரம் தானே நடந்தாராம். குதிரை எதுவும் கூட இல்லாதபோதும் அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாராம். கடைசியில் கேமராவைப் பார்த்து ஏதோ கத்தினார்.

"என்ன சொல்லுகா?"

"குளிர்காலமே, இன்னும் கொஞ்ச நாள் வராதே, புல் நன்றாக இருக்கிறது, அப்படீங்கறாங்க."

ஆன்ட்டி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கரண்ட் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அனல். அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். நானும் போனேன். கோடே இல்லாத அந்தக் கட்டிலின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு, ஏதோ திருட்டு வேலை செய்பவரைப்போல, மேல்விரிப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார்.

"ஏரி எங்க வரும்?"

"இங்க ஆன்ட்டி. நடுவுல."

சமையலறையிலிருந்து ஒரு தட்டு வந்தது. மடிப்பு ஒவ்வொன்றாக எழுந்தது. அவர் செய்த குன்றுகள் அலைகள் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான் திருத்தவில்லை. என் பையில் அந்த ஏரிக்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு கூழாங்கல் இருப்பது நினைவு வந்தது. எடுக்க வேண்டுமானால் பையைப் பிரிக்க வேண்டும். பரவாயில்லை, பிரிக்கலாம் என்று தோன்றியது.

"அந்த ஆறு?"

"இப்படி இறங்கி, இப்படிப் போகும்."

"கடலுக்குப் போவாத ஆறு" என்று தலையணை வரை அதைக் கொண்டுபோய் விட்டார் ஆன்ட்டி. ஆற்றை இன்னும் கொஞ்சம் நீட்டித் தெற்கே திருப்பலாமா என்று யோசிப்பவர்போல விரல் அங்கேயே நின்றது.

அப்போது லூர்துராஜ் அங்கிள் சர்ச்சிலிருந்து திரும்பி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தார். கலைந்து கிடந்த கட்டிலைப் பார்த்தார். அவருடைய இத்தனை வருடத் திருமண வாழ்வில் அப்படி ஒரு காட்சி இல்லை. வாய்ப்பை விடாமல், நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, ஷூவைக் கழற்ற அதன்மேல் உட்கார்ந்தார்.

"அய்யோ எந்திரிங்க!" என்று கத்தினார் ஆன்ட்டி. "கணவாய் மேலல்லா இருக்கீங்க!"

"என்னட்டி சொல்லுக?" என்றார் அங்கிள், எழாமல். "நல்லா இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன்.

"செரி, விடுங்க" என்றார். "அங்ஙன எல்லாரும் நிக்கத்தான் செய்வாங்க."